மலையகத்தில் நாய் விடுதி: முதல் நாய் வருவதற்கு முன்பிருந்து அது வீடு திரும்பும் வரை

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று எந்த டவுனை எடுத்தாலும் இன்று வீட்டுக்குள் நாய் வளர்க்கிற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், வங்கி ஊழியர்கள் இருக்கிறார்கள். கல்யாணம், கோயில் பயணம், கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை என்று நாலு நாள் வீட்டைப் பூட்ட வேண்டி வந்தால் நாயை யாரிடம் விடுவது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருகிறவர்களில் சிலர் நாயையும் காரில் ஏற்றி வந்துவிட்டு, ஹோட்டலில் இடமில்லை என்றதும் விடுதி தேடி அலைவதுண்டு. ஆக, வேலைக்குப் பஞ்சமில்லை. இதை ஒரு தொழிலாகச் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்காக, செய்து பழகிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் வரும் பெரிய தொல்லைகளில் பாதி, நாய் உங்கள் வாசலில் வந்து நிற்கும் அந்த அரை மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடும். மறுபாதிக்கு மலைநாட்டு ஈரம்தான் காரணம். இந்த இரண்டையும் கையாளத் தெரிந்தால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

இடம்

நாய் குரைக்கும். அதை மனதில் வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தை ஒட்டிய இடம் வேண்டவே வேண்டாம். விடியற்காலையில் எழும்பிப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள், இரவு பதினொரு மணிக்கு ஐந்து நாய் சேர்ந்து குரைப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியாது. அவர்களுடைய தூக்கம் உங்கள் வருமானத்தைவிடப் பெரிய விஷயம். திறந்த மேட்டில் கட்டினால் சத்தம் எதிர்மலை வரைக்கும் போகும். இடையில் ஒரு மண்மேடோ அடர்த்தியான மரவரிசையோ இருக்கிற இடம் நல்லது.

தோட்டக் காணியில் நினைத்தபடி கட்ட முடியாது, நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கான தனிவீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு போக மிஞ்சும் இடத்தில் இரண்டு நாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்பது என் கருத்து. சின்னதாகத் தொடங்க அது போதும்.

அடுத்தது தண்ணீர். உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, நீங்கள் கழுவிவிடும் தண்ணீர் எங்கே போகிறது என்பதை முதலில் பாருங்கள். மலையில் எல்லாம் கீழ்நோக்கித்தான் ஓடும். உங்கள் கான் போய் விழும் ஓடையில் கீழே ஒரு பீலி இருக்கும், அதில் ஆட்கள் குளிப்பார்கள், குடிக்கவும் பிடிப்பார்கள். கழிவுநீரைத் தனிக்குழிக்குள் இறக்க வழியில்லாத இடத்தில் விடுதி போடக்கூடாது.

சரிவையும் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் இருந்தால், கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். மழை நாட்களில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறவர்கள் அவர்கள்தான். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும், நாய்களையும் கூட்டிக்கொண்டுதான். எத்தனை நாயை எந்த வாகனத்தில் ஏற்றி எங்கே கொண்டுபோவது என்பது முன்கூட்டியே முடிவாகி இருக்கட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் பல பாதைகள் நாட்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படி ஒரு கிழமை எவரும் வரவும் முடியாமல் போகவும் முடியாமல் போனால் சமாளிக்கிற அளவுக்கு அரிசி, உணவு, மருந்து, விறகு எப்போதும் கையிருப்பில் வேண்டும்.

அனுமதி விஷயம் சுருக்கமானது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். உங்கள் பிரதேச சபையிலோ நகர சபையிலோ உரிமம் பற்றிக் கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயாவை அவர் தேடி வருவதற்கு முன் நீங்களே கூப்பிட்டுக் கழிவுக்குழியைக் காட்டிவிடுங்கள். பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முகம் காட்டி வைப்பது இவை எல்லாவற்றையும்விட உபயோகமானது.

கட்டடம்

ஒரு நாய்க்கு ஓர் அறை. ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்த இரண்டு நாய்களை மட்டும் சேர்த்து விடலாம், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துத்தான். படுக்க நாலடிக்கு ஆறடி, அதன் முன்னால் அதே அகலத்தில் பத்தடி நீள வெளியிடம் இருந்தால் லப்ரடோர் அளவு நாய்க்குச் சரியாக இருக்கும். அறைக்கும் அறைக்கும் நடுவில் குறைந்தது நாலடி உயரத்துக்குச் சுவர் வேண்டும். வெறும் கம்பி வலை போட்டால் இரண்டு கடுவன்கள் நாள் முழுக்க ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே நிற்கும், சாப்பிடாது, தூங்காது.

தரை சீமெந்து. அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்து முன்பக்கக் கானில் தண்ணீர் விழும்படி செய்யுங்கள். பளபளவென்று மெழுகினால் வயதான நாய் வழுக்கி விழும், லேசான சொரசொரப்பு வேண்டும். சீமெந்தில் நேரடியாக எந்த நாயையும் படுக்க விடாதீர்கள். தரையிலிருந்து நாலைந்து அங்குலம் உயர்த்திய பலகைக் கட்டில் ஒவ்வோர் அறையிலும் கட்டாயம். நுவரெலியா பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி விழும் இரவுகளில் கொழும்பிலிருந்து வந்த குட்டை முடி நாய் சீமெந்தில் படுத்தால் காலையில் நடுங்கிக்கொண்டு நிற்கும்.

தகரக் கூரைக்கு உள்ளே பலகை சீலிங் அடியுங்கள். செலவுதான், ஆனால் ஜூன் மாத மழை தகரத்தில் கொட்டும் சத்தத்தைத் தாங்க முடியாத நாய்கள் இருக்கின்றன. வெளியிடத்துக்கு மேலேயும் வலை வேண்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கேட் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். முதல் கேட்டைப் பூட்டிய பிறகுதான் இரண்டாவதைத் திறப்பது என்ற பழக்கத்தை வீட்டுப் பிள்ளைகளிலிருந்து விறகு கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். தூக்கித் திறக்கிற கொண்டியை மூக்காலேயே திறக்கும் நாய்கள் உண்டு, அதனால் ஒவ்வொரு கொண்டிக்கும் ஒரு கொக்கி கூடுதலாக மாட்டுங்கள்.

இன்னும் ஒன்று, மற்ற அறைகளிலிருந்து தள்ளி ஒரு தனியறை. நோய்ச் சந்தேகம் வந்தால் அங்கே மாற்றத்தான். அதற்கென்று தனி வாளி, தனி தும்புத்தடி, தனிச் செருப்பு. பணம் இல்லையென்றால் போர்டிங் அறைகளில் ஒன்றைக் குறைத்துவிட்டாவது இதைக் கட்டுங்கள்.

வாசலில்

நாயை ஏற்றுக்கொள்ள அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உரிமையாளர் ரயிலுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுவார். அதனாலேயே முன்பதிவு செய்யும்போது “பயணத்துக்கு முதல் நாள் கொண்டுவாருங்கள்” என்று சொல்லிவிட வேண்டும்.

முதலில் தடுப்பூசிப் புத்தகம். விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஓராண்டுக்குள் போட்டிருக்க வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். நேற்றுத்தான் போட்டோம் என்றால் அது போதாது, எதிர்ப்புச் சக்தி வர இரண்டு கிழமையாவது ஆகும். ஊசி வரிசை முடியாத குட்டிகளை எடுக்காதீர்கள். பார்வோ ஒரு குட்டியோடு உள்ளே வந்தால், அது போன பிறகும் மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும்.

அடுத்தது கையால் பார்ப்பது, உரிமையாளரின் கண் முன்னால். கண், மூக்கு, பிறகு உதட்டைத் தூக்கி ஈறு. ஈறை விரலால் ஓர் அழுத்து அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். காதுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழே, கால் விரல்களுக்கு நடுவில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பு, குருநாகல் பக்கமிருந்து வரும் நாய்களில் இதை இரண்டு தடவை பாருங்கள். நாய் உண்ணி சுவர் வெடிப்புக்குள் ஏறி முட்டையிடும், ஒரு தடவை குடிவந்துவிட்டால் கட்டடம் முழுக்கப் பரவும். பழைய காயம், கட்டி, மொட்டையான இடம் எது கண்டாலும் போட்டோ எடுத்து அங்கேயே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். இது பின்னால் வரும் மனஸ்தாபத்தைத் தவிர்க்கும். முன்பக்கம், பக்கவாட்டு என்று முழு உடம்பு போட்டோவும் இரண்டு எடுங்கள். நாய் தப்பி ஓடினால் காட்ட அதுதான் உதவும்.

இனிக் கேள்விகள். என்ன சாப்பிடும், எத்தனை தடவை, எவ்வளவு? என்ன மருந்து? வலிப்பு வந்ததுண்டா? எந்தச் சத்தத்துக்குப் பயம்? எந்த மொழியில் கூப்பிட்டால் வரும், உட்காரும்? சிங்கள வீட்டு நாய்க்கு நீங்கள் தமிழில் எத்தனை தடவை சொன்னாலும் விளங்காது, அவர்கள் பாவிக்கும் சொற்களை அப்படியே அட்டையில் எழுதி அறைக்கு வெளியே தொங்கவிடுங்கள். எங்கே சிறுநீர் கழிக்கும் என்றும் கேளுங்கள். புல்லில் மட்டுமே பழகிய ஒரு வயதான லப்ரடோர் இங்கே வந்து, சீமெந்துத் தரையில் சுற்றிச் சுற்றி நடந்ததே தவிர, காலைத் தூக்கவில்லை. ஒரு வாளி மண்ணோடு வெட்டிய புல்கரணையைக் கொண்டுவந்து மூலையில் வைத்ததும் உடனே போய் நின்றது. இப்போது வெளியிடத்தில் ஒரு மூலை எப்போதும் புல்தான்.

“கடிக்குமா?” என்று கேட்டால் எல்லோரும் “சேச்சே, தங்கமான நாய்” என்பார்கள். வேறு மாதிரிக் கேளுங்கள். “வைத்தியரிடம் கொண்டுபோனால் வாய்க்கட்டு போடுவார்களா?” “சாப்பிடும்போது தட்டை எடுத்தால் என்ன செய்யும்?” இதற்கு உண்மையான பதில் வரும்.

மறுக்க வேண்டியவற்றை மறுத்துவிடுங்கள்: இருமல் உள்ளது, வயிற்றோட்டம் உள்ளது, இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெட்டை, ஊசிப் புத்தகம் இல்லாதது, ஆளைக் கடித்த வரலாறு உள்ளது. தெரிந்த ஆள், சொந்தக்காரர், தோட்டத்துத் துரை என்று பார்க்கத் தொடங்கினால் உள்ளே இருக்கும் மற்ற நாய்களுக்குத்தான் நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள்.

கடைசியாக ஒப்பந்தம், ஒரு பக்கம் போதும். திரும்ப எடுக்கும் தேதி, உரிமையாளர் கிடைக்காவிட்டால் அழைக்க இன்னொருவரின் இலக்கம், அவசர வைத்தியத்துக்கு எவ்வளவு வரை செலவழிக்கலாம், சொன்ன தேதிக்குப் பிறகும் வராவிட்டால் என்ன செய்வது. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்க வேண்டும். நாயை விட்டுவிட்டு வராமலே போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அடையாள அட்டைப் பிரதி ஒன்றையும் வாங்கி வையுங்கள்.

புதிதாக வரும் நாய் என்றால், நீண்ட தங்கலுக்கு முன் ஒரு நாள் பகலில் மட்டும் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். உரிமையாளர் மாலையில் திரும்பி வருவார் என்று ஒரு தடவை பார்த்த நாய், அடுத்த தடவை பாதிக் கலவரம்தான் காட்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும்

வெளிச்சம் வந்த பிறகு, ஐந்தே முக்கால், ஆறு மணி. கேட்டைத் திறப்பதற்கு முன் சற்று வெளியே நின்று காது கொடுங்கள். இருமல் சத்தம் கேட்கிறதா, எந்த அறை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் குரல் கேட்டதும் எல்லா நாயும் குரைக்கத் தொடங்கிவிடும், அப்புறம் எதுவும் தெரியாது.

மலத்தைப் பார்த்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். இறுக்கமாக இருந்தால் நல்லது. முதல் இரண்டு நாள் சற்று இளகியிருந்தால் இடமாற்றக் கலக்கம்தான், கவனித்தால் போதும். இரத்தம் கலந்து தண்ணீராகப் போய், வாந்தியும் இருந்தால் உடனே தனியறைக்கு மாற்றி வைத்தியரை அழையுங்கள். ஒரு கொப்பியில் நாய்க்கு ஒரு வரி: சாப்பிட்டதா, குடித்ததா, மலம், சிறுநீர், மருந்து. ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஆறு நாய் சேர்ந்தால் யார் சாப்பிட்டது யார் மிச்சம் வைத்தது என்று மாறிவிடும்.

முதலில் நடை, பிறகு சாப்பாடு. நெஞ்சு ஆழமான பெரிய நாய்கள், அதாவது ஜேர்மன் ஷெப்பர்ட், ரொட்வைலர், டோபர்மன் போன்றவை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அது சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது ஓட விடாமல் வையுங்கள். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல், வயிறு முரசு மாதிரி இறுகி நிற்கிற நாயைக் கண்டால் யாரையும் ஆலோசனை கேட்டு நேரம் கடத்தாமல் வாகனத்தில் ஏற்றுங்கள்.

சாப்பாட்டில் ஒரே விதி: வீட்டில் தின்றதையே கொடுப்பது. சோறும் கோழிக் கழுத்தும் தின்ற நாய்க்குச் சோறும் கோழியும், பெலட் தின்றதற்கு அதே பிராண்ட், உரிமையாளரே அளந்து கட்டிக் கொடுத்தது. வேகவைத்த கோழி எலும்பு எந்த நாய்க்கும் வேண்டாம், உடைந்தால் ஊசி மாதிரி குத்தும். வெங்காயம் போட்ட கறி, சாக்லேட், திராட்சை இவையும் வேண்டாம். முதல் நாள் சாப்பிடாமல் படுத்திருப்பது வழக்கம்தான், தண்ணீர் குடித்தால் போதும். இரண்டாம் நாளும் தொடவில்லை என்றால் உரிமையாளரை அழைத்துப் பேச வையுங்கள். அவர்களுடைய வீட்டில் பாவித்த, துவைக்காத பழைய துணி ஒன்றைக் கட்டிலில் போட்டால் பல நாய்கள் அன்றிரவே சாப்பிடும்.

கினிகத்தேனை வளைவுகளிலோ றம்பொடைப் பாதையிலோ ஏறி வந்த நாய்க்கு வந்தவுடன் சாப்பாடு வைக்காதீர்கள். தலைசுற்றல் அடங்க ஒன்றிரண்டு மணி நேரம் வேண்டும், தண்ணீர் மட்டும் வையுங்கள்.

பகல் பத்து மணிக்கு மேல் நாய்கள் தூங்கட்டும். அந்த நேரத்தில் ஆட்களைக் கூட்டி வந்து காட்டாதீர்கள். மூன்றரை, நாலு மணிக்கு இரண்டாம் நடை, இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும். மாலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் ஒரு வரியும் அனுப்புங்கள். “நல்லா இருக்கு” என்று எழுதாமல் “காலைச் சோற்றில் பாதி மிச்சம், மாலை முழுசா சாப்பிட்டான்” என்று எழுதினால் அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள், உங்களையும் நம்புவார்கள்.

ஈரம்

தென்மேற்குப் பருவமழை மே தொடக்கம் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் பெய்யும். பதுளை, பண்டாரவளை பக்கம் வடகீழ்ப் பருவமழை ஆண்டுக் கடைசியில் வந்து ஜனவரி வரை நிற்கும். உங்கள் ஊர் எந்தப் பக்கச் சரிவில் இருக்கிறதோ அதற்கேற்ப நல்ல மாதம், கெட்ட மாதம் மாறும். கெட்ட மாதத்தில் துவைத்த சாக்கு நாலு நாளானாலும் காயாது. ஈரப்படுக்கையில் படுத்த நாய்க்குக் காதில் சீழ் வைக்கும், விரலிடுக்கில் புண் வரும், தோலில் படை வரும்.

அதனால் நாய் ஒன்றுக்கு மூன்று செட் படுக்கை: ஒன்று கீழே, ஒன்று துவைப்பில், ஒன்று அடுப்புக்கு மேலே காய்ந்துகொண்டு. பஞ்சு மெத்தை உதவாது, அது தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. சாக்கும் பழைய கம்பளியும்தான் இங்கே சரி. சமையலறை விறகு அடுப்புக்கு மேல், கை எட்டும் தூரத்துக்கு மேலே கம்பி கட்டி அதில் போடுங்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய காலத்தில் மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் கிளைகளை, வாங்கி அடுக்கி வைத்தால் மழைமாதம் முழுக்க ஓடும். காய்ந்ததா என்பதை உள்ளங்கையால் பார்க்காதீர்கள், வேலை செய்த கையில் குளிர் தெரியாது. புறங்கையை வைத்து ஐந்து எண்ணுங்கள். குளிர் ஏறினால் இன்னும் காயவில்லை.

மழையில் நடந்து வந்த நாயை அறைக்குள் அனுப்புவதற்கு முன் காது, விரலிடுக்கு, அடிவயிறு மூன்றையும் துணியால் துடையுங்கள். குளிப்பாட்டுவது வெயில் நாளில், முற்பகலில் மட்டும். அடைத்த அறைக்குள் கரிச்சட்டி வைத்துச் சூடேற்றுவது ஆபத்து, அந்தப் புகைக்கு மனிதரும் செத்துப் போவார்கள், நாயும் செத்துப் போகும்.

மலையில் நடத்தும்போது

கழுத்துப் பட்டி ஒன்று, நெஞ்சுப் பட்டி ஒன்று, இரண்டிலும் கயிறு. பயந்த நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டால் கழுத்துப் பட்டி உங்கள் கையில் மிஞ்சும். தேயிலை மலைக்குள் எந்த நாயையும் அவிழ்த்துவிடாதீர்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தையே அப்படிச் சிக்கி, மீட்கப்பட்ட பிறகு இறந்தது.

சிறுத்தை இந்த மலைகளில் தோட்டங்களை ஒட்டியே வாழ்கிறது, நாயைப் பிடிக்கும். இருட்டில் வராந்தாவில் கட்டிய நாய்தான் அதற்குச் சுலபம். அதனால்தான் வெளியிடத்துக்கு மேலேயும் வலை வேண்டும் என்றேன், அதனால்தான் நடை வெளிச்சத்துக்குள் முடிய வேண்டும். இரவில் எல்லா நாயும் மூடிய அறைக்குள் இருக்கட்டும். அப்படிச் செய்தால் சிறுத்தைக்கும் உங்களுக்கும் பகை வராது.

மருந்தடித்த காய்கறித் தோட்டத்தின் ஓரமாக நாயைக் கூட்டிப் போகாதீர்கள், பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். ஓடைத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். சிறிய அட்டை மூக்குக்குள் ஏறிக்கொள்ளும், பிறகு ஓயாத தும்மல், ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம். அதை வைத்தியர்தான் எடுக்க வேண்டும். காலில் ஏறும் சாதாரண அட்டையை நகத்தால் தட்டி எடுத்துவிடலாம், திரும்பி வந்ததும் விரலிடுக்கைப் பாருங்கள்.

ஒருவேளை நாய் தப்பினால் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் ஓடும். தப்பிய இடத்தில் அதன் துணியையும் சாப்பாட்டையும் வையுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் போட்டோவைக் காட்டுங்கள். மலையில் எந்த மூலையில் எது நகர்ந்தாலும் அவர்கள் கண்ணில் படும். உரிமையாளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

கழுவுவதும் கடியும்

ஃபினைல், டெட்டோல் வாசனைக்கு ஏமாறாதீர்கள். பார்வோ அவற்றுக்கு அசையாது. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கும் சிறுநீரும் முழுக்கப் போகும்படி தேய்த்துக் கழுவுங்கள், பிறகு வீட்டுப் பாவனை பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு அலசுங்கள். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் வேலை செய்யாது. கழிப்பறை அசிட்டோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சுப்புகை வரும். மலத்தை மூடிய குழியில் போடுங்கள். கோவா, கரட் பாத்திக்கு உரமாகப் போடாதீர்கள், புழு முட்டை பிள்ளைகளுக்குப் போகும்.

நாய்கள் சண்டை பிடித்தால் நடுவில் கை வைக்காதீர்கள். ஒரு வாளி தண்ணீர், இல்லாவிட்டால் ஒரு பலகையை நடுவில் இறக்குவது. உங்களை எந்த நாய் கடித்தாலும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். கடித்த நாயைப் பதினான்கு நாள் கண்காணிக்கச் சொல்வார்கள், அதற்குள் உரிமையாளர் எடுத்துப் போனால் அவருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். வேலைக்கு ஆள் வைத்தால் அவருக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

பெரிய சத்திரசிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிதான் பலருக்கும் கடைசி நம்பிக்கை. மலைப்பாதையில் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். இரவில் கூப்பிட்டால் வருகிற ஒரு வேன்காரரின் இலக்கத்தைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

கட்டணமும் பண்டிகையும்

கட்டணத்தை நாய்க்கு ஒரு நாள் என்று போடுங்கள், உணவைச் சேர்க்காமல். சவர்க்காரம், பிளீச், விறகு, மின்சாரம், உங்கள் கூலி எல்லாம் கூட்டிவிட்டு, கட்டடம் பழுதுபார்க்க ஒரு பங்கு ஒதுக்குங்கள். பாதி முற்பணம். மருந்து கொடுக்க வேண்டிய நாய்க்குக் கொஞ்சம் கூடக் கேட்பதில் தப்பில்லை.

ஏப்ரல் புத்தாண்டு, ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை, தீபாவளி, டிசம்பர், சிவனொளிபாதமலை சீசன் என்று இடம் நிரம்பும் நாட்கள் தெரிந்தவைதான். நிரம்பினால் இல்லை என்று சொல்லுங்கள், தனியறையைத் திறந்து விடாதீர்கள். தீபாவளி வெடியும், மாசி மாதம் காமன் கூத்துக்கு இரவிரவாக அடிக்கும் தப்பு மேளமும் நாய்களை நடுங்க வைக்கும். கோயில் கமிட்டியிடம் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு, அன்று மாலை நடையைச் சீக்கிரம் முடித்து, சாப்பாடு கொடுத்து, ஜன்னலைச் சாக்கால் மூடி, ரேடியோவை மெதுவாகப் போட்டுவிடுங்கள். அந்த இரவு நீங்களும் அங்கேயே இருக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

காலையில் சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள், வாகனத்தில் வாந்தி வராது. கொண்டுவந்த துணி, தட்டு, மிஞ்சிய மருந்து எல்லாவற்றையும் அட்டையில் டிக் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். உடம்பை மறுபடி உரிமையாளர் முன்னால் தடவிக் காட்டுங்கள். ஒரு சிராய்ப்பு இருந்தாலும் அவர் கண்ணில் படுவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் நிறையத் தண்ணீர் குடிக்கும், ஒரு நாள் முழுக்கத் தூங்கும், அது இயல்பு என்று சொல்லி அனுப்புங்கள். இரண்டு கிழமைக்குள் இருமல் வந்தால் உடனே அறிவிக்கச் சொல்லுங்கள், பக்கத்து அறை நாய்களின் வீட்டாருக்கும் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

கார் போனதும் கட்டிலை வெளியே எடுத்து, அறையைக் கழுவி, பிளீச் போட்டு, அலசி, கதவைத் திறந்து போடுங்கள். மழைமாதத்தில் அது காய ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் ஆகும். முன்பதிவுக் கொப்பியில் அந்த நாட்களையும் அந்த அறைக்கு நிரம்பியதாகவே எழுதி வையுங்கள்.